எல்லா மெஷினிலும் ஓடுகிற டிரைவர்

நான் டிரைவர் எழுதுகிறேன் என்றபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுமுகநேரி உப்பைக் காலமெல்லாம் லாரியில் துறைமுகத்துக்குக் கொண்டுபோனவர் அவர். "டிரைவர்னா ஓட்டத்தான செய்வான், அவன எழுதவா செய்வாவ?" என்றார். மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று இதன் பேச்சை அதற்கு எடுத்துச் சொல்கிற நிரல் என்று விளக்கினேன். அப்போ புரோக்கர் என்று சொல் என்றார். அந்த மனுஷருக்கு இப்போது டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்னை விட்டால் ஆளில்லை. சென்னை வேலையை உதறிவிட்டு நான் ஊருக்கு வந்தது அதற்காகத்தான்.

தூத்துக்குடியில் என் படிப்புக்கு வேலை குதிரைக்கொம்பு. கிடைத்தது ஒரு கண்டெய்னர் யார்டில், அதுவும் ஒப்பந்தத்தில். அங்கிருந்த மென்பொருளின் டிரைவர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். முதலாளி அண்ணாச்சி செலவு மிச்சம் என்று பாதி மெஷின்களை இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸுக்கு மாற்றிவிட்டார். மாற்றிய பிறகுதான் அவற்றில் ஒன்றும் ஓடாது என்று அவருக்குத் தெரிந்தது. டிரைவரை இரண்டிலும் ஓட வை, உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்றார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாதக்கணக்கில் அதோடு மாரடித்தேன். ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. அதைச் சரிசெய்தால் எண்கள் உதைத்தன. விண்டோஸ் நான்கு பைட்டில் வைத்த எண்ணை லினக்ஸ் எட்டு பைட்டாகப் படித்தது. பக்கத்தில் கிடந்த குப்பையும் சேர்ந்து வந்தது. ஒருநாள் கேட் மெஷின் ஒரு உப்பு லாரிக்குக் கப்பலின் எடையைக் காட்டிவிட்டது. லாரி வரிசை ரோடு வரை நின்றது. கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர் அப்பாவோடு லாரி ஓட்டிய மாமா. அன்றிலிருந்து எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். "ஏளா, ஒன் டிரைவர் சண்டித்தனம் பண்ணுதான்."

கடைசியில் ஓடியது. கேட், எடைமேடை, ஆபீஸ் எங்கும் ஒரு பிசகில்லை. ஆபீஸில் ஒன்றை மாற்றினால் அடுத்த நொடியே கேட் மெஷினுக்குத் தெரிந்துவிடும். அண்ணாச்சி சாயங்காலம் வரச்சொல்லியிருக்கிறார் என்று அப்பாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவரும் ஊசி குத்திக் குத்தித் தடித்த கையைத் தூக்கி, போய்ட்டு வா என்றார்.

அண்ணாச்சி எனக்கு டீ வரவழைத்தார். எல்லா மெஷினிலும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். இனி எந்த மெஷினில் போட்டாலும் ஓடுமா என்றார். ஓடும் என்றேன், அதையும் பெருமையாக வேறு.

"பொறவு இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கும்மா?"

டீ ஆறுகிறது, குடி என்றும் சொன்னார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. டீயைத் தொடவில்லை.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட் மெஷினில் என் அடையாள அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே சிவப்பு. மாமா எழுந்து வந்து மெஷினை ஒரு தட்டு தட்டினார்.

"ஏளா, ஒன் டிரைவர் திரும்பவும் சண்டித்தனம் பண்ணுதான் பாரு."

"இல்ல மாமா. அவன் சரியாத்தான் வேல செய்யுதான்."