இடிச்சத்தத்தில் ஓடிய குதிரை

ரேஸ் குதிரைகள் ஓடிய நேரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக எண் கணக்கிடுவது என் பொழுதுபோக்கு. கொல்கத்தா மழையில் ஊறிய தரை, எதிர்க்காற்று எல்லாவற்றுக்கும் கூட்டிக் கழித்துவிடுவேன்.

இதே ஊரில் டாக்குரியாவில் இருக்கும் அத்திம்பேருக்கு ஒரு குதிரையில் பங்கு உண்டு. ஒருநாள் இடி மழையில் அது அசுர வேகத்தில் ஓடி ஜெயித்தது.

"குதிரை டாக்டர் அதுக்கு ஓய்வு குடுக்கச் சொல்றார். அடுத்த ரேஸ்ல விடலாமாடா?" என்றார்.

"நம்பர் பிரமாதமா இருக்கு அத்திம்பேர், ஓட விடுங்கோ" என்றேன்.

அந்த ரேஸின் கடைசி வளைவில் குதிரை முன்னங்கால் ஒடிந்து விழுந்தது. ஊசி போட்டு அதன் கதையை முடிப்பதைக் கூட்டம் பார்க்காதபடி சுற்றிலும் திரை பிடித்தார்கள். அத்திம்பேர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கு இடிக்கு மிரண்டுன்னா ஓடியிருக்கு" என்றார்.

இன்றும் கணக்குப் போடுகிறேன். வெளியே இடி இடித்தால் மட்டும், அந்தத் திரைக்குப் பின்னால் அது எழுந்திருக்கப் பார்க்கும் சத்தம் கேட்கிறது.