சத்தம் கேட்டால் ஓடும் டேப்

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. விருதுநகரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொன்னார்: "தனியா இருக்கும்போது ஏதாவது சொல்றாங்களான்னு கவனிங்க. ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் பயிற்சியைத் தொடரலாம். ஒண்ணுமே இல்லைன்னா அடுத்த தடவையோட நிறுத்திக்கலாம். உங்களுக்கும் அலைச்சல்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அலைச்சல் எங்களுக்குப் பெரிதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஏறிய பிறகுதான் அது வாயில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

தனியாக இருப்பவரை யார் கவனிப்பது? நான் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பட்டாசு லேபிள் வெட்டும் மிஷினில் நிற்கிறேன். மனைவி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போகிறாள். மத்தியானம் பக்கத்து வீட்டு மதினி வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவார். அவர்தான் ஒருநாள் என்னை வாசலில் நிறுத்தினார்.

"கொழுந்தனாரே, அத்தை பேசுதாக. துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன், உள்ள இருந்து குரல் கேட்டுச்சு."

"என்ன சொன்னாக?"

"அது வெளங்கல. உள்ள ஓடுனேன். என்னயப் பாத்ததும் வாய மூடிக்கிட்டாக."

என் மனைவி நம்பவில்லை. "அந்த அக்கா பேச்சு பட்டாசுக் கடை விலை மாதிரிங்க. முக்கால்வாசி தள்ளுபடி போட்டுத்தான் எடுக்கணும்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சாபீஸ் அலமாரியில் ஒரு பழைய கையடக்க டேப் ரெக்கார்டர் கிடந்தது. முன்பு முதலாளி ஆர்டர் விவரங்களைப் பேசிப் பதிந்துவைக்க வாங்கியது. ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டால், சத்தம் கேட்டால் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்து கேசட் ஓடும். சத்தம் நின்றால் கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துவிட்டுத் தானே நின்றுகொள்ளும். செல்போனை வைத்தால் நாள் முழுக்கப் பதிவாகும். நாள் முழுவதையும் நான் எப்போது உட்கார்ந்து கேட்பது? இதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு, அலமாரிப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

"என்னப்பா, அங்கன பல்லி புடிக்கிறியா?" என்றார் முதலாளி.

கையை நீட்டிக் காட்டினேன்.

"அதுவா? எடுத்துட்டுப் போ. ஓடுனா எனக்கும் சொல்லு."

ஓடவில்லை. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் வேறு பெல்ட் மாட்டிக் கொடுத்தார். புது பேட்டரி போட்டு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு லேபிள் கட்டு கோணலாக வெட்டுப்பட்டது.

சாயங்காலம் பின்பக்கம் துவைகல்லில் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். டமார். அப்புறம் வேன் ஹாரன். டமார். மதினி, "இன்னும் ஒரு வாய் வாங்கிக்கோங்க அத்தை." டமார். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஒற்றை வெடி எங்கள் காதில் விழாது. தொடர்ந்து வெடித்தால்தான் தலையைத் தூக்குவோம். யார் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் என்று மனசு ஓடும். ஆனால் அந்தக் கருவிக்கு ஒற்றை வெடி போதும், விழித்துக்கொள்ளும்.

மைக்கின் கூர்மையை அதிகமாக வைத்தால் ஃபேன் சத்தத்துக்கே ஓடி, நான் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் கேசட் முடிந்துவிடும். குறைவாக வைத்தால் வெடிகள் மட்டும். வெடி வந்தால் உடனே முன்னால் ஓட்டுவேன். அடுத்த சத்தம் வேனோ, ஆடோ, மதினியோ. காலையில் அதே கேசட்டின் மேலேயே பதிய வைத்துவிட்டுக் கிளம்புவேன். விருதுநகர் போகும் நாள் நெருங்கியது. பத்தாக்குறைக்கு, சத்தம் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மங்கிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். நாடா உரசும் தலையில் பழுப்பாக அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். ரப்பர் உருளையையும் துடைத்தேன். சத்தம் தெளிந்ததா என்று பார்க்கப் பெரிய சத்தமாக வேண்டுமே என்று ஒரு வெடியைத் தேடிப் போட்டேன். கையிலிருந்த ஸ்பிரிட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால் வழக்கம்போல முன்னால் ஓட்டும் பட்டனை அமுக்கவில்லை.

டமார். ஃபேன் ஓடுகிற சத்தம். அப்புறம், மிக மெல்லிசாக, "நமத்தது."

திரும்பப் போட்டேன். வெடி. ஃபேன். "நமத்தது."

அம்மா முன்பு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவர். சாம்பிள் வெடித்தால் தலை நிமிராமலே சொல்வார்: இது நமத்தது, இதில் மருந்து கம்மி, இது நல்லது. கூட இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அந்தக் கருவியை எழுப்ப அம்மாவின் குரலுக்குச் சக்தி இல்லை. வெடி எழுப்பியிருக்கிறது. அது நிற்பதற்குள் அம்மா சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் அந்த இடத்தைத்தான் நான் ஓட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். முகம் ஒரு நொடி மாறியது. "ஃபேன் சத்தமாக்கூட இருக்கும்ங்க. ஆசைல ஒங்களுக்கு அப்படிக் கேக்குது. டாக்டரம்மாகிட்ட இதப் போய்க் காட்டுவீகளா?"

மறுநாள் லீவு சொன்னேன். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெடி கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்து மூடிக்கொண்டது. அடுத்த வெடிக்கும் அப்படியே. நாலு பேர் பார்த்தால் எனக்கும் நாக்கு எழும்பாது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தோன்றியது.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, துடைத்த உருளையையே மறுபடி பார்ப்பதுபோல இருந்தேன். பிறகு மூடி சுவிட்சைத் தள்ளினேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. தெருவில் ஓர் ஆடு கத்த, கேசட் கொஞ்சம் ஓடி நின்றது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

டமார். நமத்த வெடிதான், எனக்கே தெரிந்தது.

சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "நல்ல வெடி."

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"போ...லே," என்றார் அம்மா. "நமத்தது."

நான் திரும்பவில்லை. மடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.