நாகவேணி திருத்திய ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது நாகவேணியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். சொந்த ஊரு தளிக்குக் கொண்டுட்டுப் போறோம்" என்றார். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரரிடம் கன்னடத்தில் வழி சொல்லத் தொடங்கினார். நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஏற வேண்டிய பேருந்து போய்விட்டது.

நாகவேணிக்கு நாற்பத்து மூன்று வயது. அவரிடம் கொரிய மொழி படித்தவர்களுக்காகவும், எங்களோடு வேலை செய்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கொரியர்கள் நடத்திய உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் மொழிபெயர்ப்பாளர். நான் ஆவணப் பிரிவு. பேக்கிங் பகுதியில் சேர்ந்தவர், கொரிய எஞ்சினியர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களோடு தமிழ். நான்காவது ஒன்று அவருக்குப் பாரமாகவே இல்லை.

ஒருநாள் கேன்டீனில் நானும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டீ கப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "செய்யறதோ, பெருசா இருக்கறதோ, எந்தச் சொல்லா இருந்தாலும் வால்ல 'கி' ஒட்டலாம், 'ம்' ஒட்டலாம். பெயர்ச்சொல் ஆயிடும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல சார். நாளைக்குச் செய்ய வேண்டியத லிஸ்ட் போட்டா 'கி'. செஞ்சு முடிச்சத ரிப்போர்ட்ல எழுதுனா 'ம்'."

"நம்மகிட்ட அப்படி இல்லையே" என்றேன்.

"செய்தது, செய்வதுன்னு இருக்கே. நாமதான் சோம்பேறித்தனமா 'மாற்றம்', 'சோதனை'ன்னு எழுதிட்டுப் போயிடறோம். நடந்துச்சா நடக்கலையான்னு யாருக்குத் தெரியும்?"

அடுத்த ஆண்டு பிரஸ் இயந்திரத்தில் மாரியப்பனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. நாகரசம்பட்டிக்காரர், அமைதியானவர். கை உள்ளே போனால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும்; அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. அன்று அது வேலை செய்யவில்லை. அவர்தான் கவனக்குறைவாக இருந்தார் என்றது நிர்வாகம். முந்தைய நாள் பராமரிப்புக் குறிப்பில் அந்தச் சென்சாரைப் பற்றிக் கொரிய மொழியில் ஒரே ஒரு வரி இருந்தது. அதன் தமிழ் வடிவத்தை விசாரணைக்குத் தர வேண்டும். நான் வரைவு எழுத வேண்டும், நாகவேணி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். "சுருக்கமா எழுதுங்க" என்றார் மேலாளர். 'சென்சார் மாற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை அறையில் மாரியப்பன் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நாகவேணி தாளைப் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"இதுல தப்பு இருக்குங்க. மூலத்துல 'கி'ன்னு முடியுது. சென்சாரை மாத்தணும்னுதான் எழுதியிருக்காங்க. மாத்தினதா எழுதல."

"அப்ப இந்த டிராஃப்டை எழுதினது யாரு?" என்றார் மேலாளர்.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்துப் போட வேண்டியவ நான். தப்பு என் பேர்லயே இருக்கட்டும்" என்றார் நாகவேணி. வரியை அடித்து, 'சென்சார் மாற்றப்பட வேண்டும்' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார்.

பழி மாரியப்பனை விட்டு நீங்கியது. ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நாகவேணியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மொழிபெயர்ப்பில் பிழை செய்தவர் என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அதன்பிறகுதான் அவர் தளி சாலையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து உங்களுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார்.

போன மாதம் பெங்களூரு மருத்துவமனையில் பார்த்தேன். கல்லீரலில் வந்த புற்றுநோய், முகம் பாதியாகிவிட்டிருந்தது. "மேடம், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "சாவுன்னு சொல்ல 'ஜுகும்'. சாகறதுக்கு முன்னாடின்னு சொல்லணும்னா 'ஜுக்கி'ன்னு வரும். நான் இன்னும் 'கி'ல தான் இருக்கேன். வேற ஏதாவது பேசுங்க" என்றார். பிறகு அவரே என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

தளியில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது மாரியப்பன் என்னிடம் வந்தார். மாலை வைத்த ஈரம் கையில் இருந்தது. "மாரி, அந்த டிராஃப்ட்..." என்றேன்.

"தெரியுங்க சார். அன்னிக்கே உங்க மூஞ்சியப் பாத்தேன்."

"அவங்க சொன்னாங்களா?"

"இல்லீங்க. ஒருதடவ கேட்டேன். அவருக்கும் வீடு வாசல் இருக்குதுன்னு மட்டும் சொன்னாங்க."

நாகவேணியிடம் கற்ற கொரிய மொழியில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தத் தாளிலும் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அதன் பின்னால் ஒளிய இப்போது என்னால் முடிவதில்லை. யார் செய்தது, செய்தாரா இல்லையா என்று முழு வாக்கியமாக எழுதுகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்: அந்த வரைவை எழுதியவன் நான். கடைசி எழுத்து 'கி' என்று தெரிந்தே எழுதினேன். நாகவேணி பிழை செய்யவில்லை.