கோடு விழுந்த நகல்

என் மகளுக்கு இரண்டு விசைத்தறி போட வங்கிக் கடன் தேவைப்பட்டது. கணவர் இறந்த பிறகு அவள் அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் அவளோடு நானும் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். பென்ஷன் வருகிறது, பத்து பைசா கடன் கிடையாது. வங்கியில் மறுத்துவிட்டார்கள்.

"சார், உங்க பேர்ல ஒரு செல்போன் லோன் இருக்கு. ஒன்பது தவணை கட்டல. கிரெடிட் ரிப்போர்ட்ல நிக்குது" என்றார் மேலாளர்.

என் பொத்தான் போனை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"இதுக்கு எவன் சார் லோன் குடுப்பான்?"

அவர் சிரித்துவிட்டு, இரண்டு மாதம் ஃபைலை மூடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் அந்தப் பதிவு நீங்க வேண்டும். இல்லாவிட்டால் தறி இல்லை.

வெளியே வந்ததும் மகள், "யப்பா, ராஜபாளையத்துல ஒரு ஆளு மூவாயிரம் வாங்கிட்டு அழிச்சிக் குடுக்காராம். ஓடிபி மட்டும் சொன்னா போதுமாம்" என்றாள்.

"ஏற்கனவே எவனோ என் பேருல பாதியக் கொண்டு போயிட்டான். மீதிய நானே குடுக்கணுமாக்கும்?"

கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நம் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். எழுபத்திரண்டு வயதில்தான் எனக்கு இது தெரிந்தது. பிரவுசிங் சென்டரில் எடுத்தேன். பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் அந்தக் கடன், அதன்கீழ் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கைபேசி எண். கடைசிப் பக்கத்தில், நான் படியேறாத ஆறு கம்பெனிகள் என் கணக்கைப் புரட்டிப் பார்த்த தேதிகள். நான் குளிக்கும்போது ஆறு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது போலிருந்தது.

காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கினேன். அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த ஃபைனான்ஸுக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். அவர்களுக்கு முப்பது நாள் கெடு; காலண்டரில் அன்றைய தேதியின்மேல் ஒன்று என்று எழுதினேன்.

ஃபைனான்ஸ் அலுவலகம் தென்காசியில். விண்ணப்பத்தைக் காட்ட முடியாது என்று அங்கிருந்த பெண் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.

"கடன் என் பேர்லங்கிய. அந்தத் தாளை எனக்கே காட்ட மாட்டியளோ?"

மூன்றாவது தடவை காட்டினாள். கையெழுத்து என்னுடையது இல்லை. ஆனால் கூடவே இருந்தது என் ஆதார் நகல். அதிலுள்ள படத்தில், என் இடது காதின் மேல், மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். போன வருடம் பென்ஷன் வேலைக்காக ஐந்து நகல் எடுத்தேன். ஒன்றில் கோடு விழுந்துவிட்டது. அதற்கு இரண்டு ரூபாய் தரமாட்டேன் என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சண்டை போட்டு, அந்தத் தாளை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். நான்கு நகலுக்கு எட்டு ரூபாய் எண்ணிக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, கழிவுத் தாளை எல்லாம் கட்டி எடைக்குப் போட்டுருதோம். அதுல எவன் உருவுனான்னு நான் எங்கன போய்த் தேட?"

"கிழிச்சுப் போட வேண்டியதுதான வே?"

"நீங்களே கிழிச்சிருக்கலாமே அண்ணாச்சி."

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

முப்பதாம் நாள் முடிந்தும் பதிவு நீங்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் மறுபடி எழுதினேன்: முப்பது நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி, இன்று நூறு. முப்பத்தெட்டாம் நாள் நீக்கினார்கள். பிறகு எண்ணூறு ரூபாயும் வந்து சேர்ந்தது.

"எண்ணூறுக்கா யப்பா இந்த அலைச்சல்?" என்றாள் மகள்.

"பஸ்ஸுக்கும் தபாலுக்கும் அறுநூத்தி நாப்பது. நூத்தி அறுபது மிச்சம், பாத்துக்க."

மேலாளர் புதிதாக நகல்கள் கேட்டார். அதே கடைக்குப் போனேன். மூன்று நகல் கேட்டேன், ஒன்று கோணலாக வந்ததால் நான்காயிற்று. எட்டு ரூபாய் கொடுத்தேன். கோணல் நகலை எட்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்றின் குறுக்கே, 'இந்தத் தறிக் கடனுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

"போன தடவ இப்படி எழுதலியே சார்?" என்றார் மேலாளர்.

"போன வருசம் ஒரு தாள அப்படியே போட்டுட்டு வந்ததுக்குத்தான் சார் முப்பத்தெட்டு நாள்."

அவர் சீல் வைத்தார். மகள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே நானும் போட்டேன்.