ஆம்பிளைக் கைச் சாரன்

எனக்குச் சின்னதிலிருந்தே வாய் நீளம். அந்த வாயால் எங்கள் வீட்டுக்கு வந்த நட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் ஒரு கைத்தறி இருந்தது. நெஞ்சு வருத்தம் வந்து வாப்பாவால் தறியில் உட்கார முடியாமல் போனபின், உம்மாதான் ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்தார். ஆனால் நூல் தந்து கூலிக்கு நெய்விக்கும் முதலாளியைப் பொறுத்தவரை அது வாப்பா நெய்த சாரன். அந்நாளில் ஒரே சாரனுக்கு இரண்டு கூலி: ஆண் நெய்தால் முழுசு, பெண் நெய்தால் முக்கால். பெண்ணுக்குக் கையில் பலமில்லையாம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். வாப்பா பெயரால் கூடுதலாகக் கிடைத்த அந்தக் கால் பங்கில்தான் வாப்பாவுக்கு மருந்து வாங்கினோம்.

கிழமைக்கு ஒருமுறை முதலாளி வீட்டுக்கு வருவார்; வாப்பாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். வாப்பா முன்னால் உட்கார்ந்திருப்பார். உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்பார். அன்றைக்கும் முதலாளி ஒரு சாரனை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"ஆம்பிளைக் கை எண்டா இதுதான் காக்கா. என்ன நெருக்கமா அடிச்சிரிக்கீங்க."

வாப்பா தலை குனிந்துகொண்டார். உம்மாவுக்குச் சேர வேண்டிய புகழ் கிழமைதோறும் வாப்பாவுக்குப் போவது எட்டு வயதுக்காரியான எனக்குப் பொறுக்கவில்லை.

"வாப்பா நெய்யல்ல. எங்கட உம்மாதான் நெய்த" என்றேன்.

முதலாளி கோபப்படவில்லை, நல்ல மனிதர், எனக்கு இனிப்பெல்லாம் கொண்டுவருபவர். அதே சாரனை மறுபடி விரித்து, கரையை விரலால் நெருடினார்.

"கரையில கொஞ்சம் தளர்வு இரிக்கி காக்கா. இனிப் பாத்து நெய்யச் சொல்லுங்க."

முக்கால் கூலியை வைத்தார். பார்த்துத் திருந்தட்டும் என்று அந்த ஒரு சாரனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

உம்மா வெளியே வந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. சாரனை மடிக்கப் போனார். நான் அதை வாங்கி முற்றத்து வெயிலில் பிடித்து, கரை நெடுக விரலை ஓட்டித் தேடினேன். முதலாளி சொன்னால் இல்லாமலா போகும்? ஓரிடத்தில் இழை விலகியிருப்பது போலவே தெரிந்தது.

"ஓம் உம்மா, இந்தா, இதில தளர்வுதான்" என்று காட்டினேன்.

அப்போதுதான் உம்மா அழுதார். பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.