பொய் சொன்னால் நின்றுவிடும் கார்

கவரைப்பேட்டைப் பக்கத்து ஆரணியில் 2007ஆம் ஆண்டு ஒரு வதந்தி உலவியது. சலாஹுதீன் பாயின் வாடகைக் காரில் ஏறிப் பொய் சொன்னால் கார் நின்றுவிடும் என்பார்கள். ஊரில் பலர் அதில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் அகப்பட்டவர் மனை புரோக்கர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை வரப்போகிறது என்று சொல்லியே, வந்த தொழிற்சாலைகளைவிட அதிகமாக மனை விற்றவர்.

"கவரைப்பேட்டை தாண்டினதும் பார்ட்டிகிட்ட வாயத் தொறப்பேன் சார். 'இங்கருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்'னுவேன். டக்குனு நின்னுடும். ஒரு தபா இல்ல, நாலு தபா! பார்ட்டி என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கான். பேஜாரு புடிச்ச வண்டி."

"நடந்து போகலாம் என்பது உண்மைதானா?"

"நடந்துதான் சார் போவணும். பஸ்ஸு கெடையாது."

இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் சலாஹுதீனின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வராமல் போகவே கார் வாசலில் தூங்கியது. இரண்டு மெக்கானிக்குகள் பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். கார் நின்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும்; சாவியைத் திருப்பினால் புது மாப்பிள்ளை மாதிரி பணிவாகக் கிளம்பும். கடைசியில் ஆர்.கே.பேட்டை வியாபாரி ஒருவர், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வந்து இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். காரோடு தொழிலும் போகும்.

மனைவி ஜெய்னம்புக்கு மனசில்லை. "யாருமே பொய் சொல்லாம இருந்தா ஓடுதான்னு மொதல்ல பாருங்க" என்றார். சலாஹுதீன் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே வாய்மூடி உட்கார்ந்தார். அரைமணி கழித்து, நின்ற இடத்திலேயே எஞ்சின் அணைந்தது.

"நான் வாயே தொறக்கல, ஜெய்னம்பு!"

"மனசுல இன்னா நெனச்சீங்க?"

"மத்தியானம் நீ வெச்ச மீன் கொழம்பு நல்லா இருந்திச்சின்னு."

"அதான் நின்னுடுச்சி."

சிரித்து முடித்தபின் சலாஹுதீனுக்கு ஒன்று உறைத்தது. தணிகாசலம் நாலு முறையும் ஒரே இடத்தில்தான் பொய் சொல்லியிருக்கிறார். ஆரணியிலிருந்து அந்த இடத்துக்குப் போகிற நேரத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும். அப்படியென்றால் காருக்குப் பிடிக்காதது பொய் இல்லை, சூடு.

பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனில், மெக்கானிக்குகள் தொடாத கிராங்க் சென்சார் இருந்தது. எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்கிற காவலாளி அது. அது வாய் திறக்காவிட்டால் பிளக்கில் பொறி வராது. ஈரத்துணியை அதன்மேல் போட்டுச் சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. துணியை எடுத்துவிட்டு ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் நின்றது.

ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்தார். ரேடியோ ரிப்பேர் செய்யும் மச்சானிடமிருந்து வாங்கிவந்த மீட்டரை அதில் மாட்டினார். முள் அசைந்தது; உள்ளே மின் இணைப்பு இருக்கிறது. ஜெய்னம்பு டீ போடும் பாத்திரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கேட்காமல் அதில் சென்சாரை ஆயில் பிசுக்கோடு இறக்கினார். முள் படுத்துவிட்டது. வெளியே எடுத்து ஆறவிட்டார். முள் எழுந்தது. காரின்மேல் இருந்த பழி நீங்கியது, பாத்திரம் போனது.

வியாழக்கிழமை, மீட்டரோடும் பிளாஸ்க் நிறைய வெந்நீரோடும் கும்மிடிப்பூண்டி போனார். உருக்காலைக்குப் போகக் காத்திருக்கிற பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில், பின்பக்கம் நசுங்கிய அதே ரகக் கார் ஒன்று கிடந்தது. அதன் சென்சாரைக் கழற்றி, பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி முக்கினார்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவு எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், டீயா?"

"முள்ளு படுக்கலண்ணே! இதுக்கு எவ்ளோ?"

"எடுத்துக்கினு போ. நாளைக்கு உருகப்போற வண்டி, உங்கிட்டயாவது ஓடட்டும்."

சாயங்காலம் அதை மாட்டி ஓடவிட்டார். எஞ்சின் நிற்கவே இல்லை. மறுநாள் வந்த ஆர்.கே.பேட்டை வியாபாரி, ஆயில் வாசனையோடு ஒரு டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

இப்போது ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் சலாஹுதீன் சிலருக்காகத் துஆ செய்து வேண்டிக்கொள்கிறார். பட்டியலில் அப்பாவு இருக்கிறார், மச்சான் இருக்கிறார், நசுங்கிய காரின் முகம் தெரியாத சொந்தக்காரர் இருக்கிறார். தணிகாசலமும் இருக்கிறார்.

"அவருக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"எடத்த மாத்தி மாத்திப் பொய் சொல்லியிருந்தாருன்னா எனக்கு எப்டி சார் புரிஞ்சிருக்கும்? ஒரே எடத்துல சொன்னாரே, நல்ல மனுசன்."

வதந்தியை நேரில் சோதிக்க ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன். ஜெய்னம்பு பின்சீட்டில் இருந்தார். கவரைப்பேட்டை தாண்டியது.

"நான் டீ போடற பாத்திரம் இன்னா ஆச்சி?" என்றார்.

"நாளைக்கே புதுசு வாங்கித் தரேன்" என்றார் சலாஹுதீன்.

கார் சீராக ஓடியது. ஜெய்னம்பு முன்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"அந்தப் பழைய சென்சாரத் தூக்கிப் போட்டுட்டீங்களா, வெச்சிருக்கீங்களா?"

இதை எழுதும் இன்றுவரை அந்த வீட்டு டீயில் ஆயில் வாசனை இருக்கிறது.