டம்ளருக்கு ஏது காது

இன்னைக்குப் பெரம்பலூர்ல யாரப் பார்த்தாச்சு தெரியுமா? பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சின்னதா பியூட்டி பார்லர் வச்சிருக்கிற பானுப்ரியாவ!

போன நேரம், எவர்சில்வர் டம்ளர் வாயில ஒரு அட்டைய மூடி, நடு ஓட்டையில குழல் மாதிரி மெழுகுவத்தியச் சொருகிக் கொளுத்திட்டிருந்தாங்க. எதிர்ல ஒரு காலேஜ் பொண்ணு. காதுல வத்தி வச்சு அழுக்கெடுக்க வந்தது.

வத்தி எரிஞ்சதும் அடிக்கட்டைய பிளேடால கீறி விரிச்சாங்க. உள்ள பழுப்பா ஒரு தூளு.

"ஐயய்யோ, எவ்ளோ அழுக்குக்கா!"

"டம்ளருக்கு ஏதுடி காது? எல்லாம் வத்தி மெழுகுதான். காது அடைச்சா டாக்டர்ட்ட போ. வேணும்னா புருவம் எடுத்து விடறேன், உக்காரு."

இதே தூளக் காட்டித்தான் ரெண்டு வருஷம் எல்லாரையும் அசத்தினாங்க பானுப்ரியா. திருச்சியில ரெண்டு நாள் டிரெய்னிங், சுவத்துல பிரேம் போட்ட சர்டிபிகேட். அவங்களும் முழுசா நம்பினாங்க, சத்தியமா! இப்ப அந்த எடத்துல ஆணி மட்டும் இருக்கு.

போன ஐப்பசியில அரும்பாவூர் கலியம்மாள் வந்தாங்க. வெங்காயக் காட்டு வேலைக்குப் போறவங்க. இடது காதுல எந்நேரமும் குய்யுன்னு சத்தம். வத்தி பாதி எரியறப்ப, "சுடுதுடி பானு"ன்னாங்க. பானுப்ரியா தோள அமுக்கிப் பிடிச்சு, "அழுக்கு எளகுதுக்கா, பொறுத்துக்கங்க"ன்னாங்க.

எளகினது மெழுகு. சூடா உள்ள சொட்டி, செவிப்பறையில ஓட்டை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன பானுப்ரியாவ காது டாக்டர் திட்டக்கூட இல்ல. "காதே இல்லாம ஒரு வத்தியக் கொளுத்திப் பாரும்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு எடுத்த டம்ளர்தான் இது.

"பொறுத்துக்கங்கன்னு சொன்னேன் பாருங்க..." தோள அமுக்கின கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. "எழுதறதுன்னா எம் பேரப் போட்டே எழுதுங்க."

பேசிட்டிருக்கும்போதே கலியம்மாளே உள்ள வந்துட்டாங்க! மக சத்யா கல்யாணத்துக்கு அலங்காரம் பேசணுமாம்.

"ஏன்டி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? எம் மாமியா பேச்சுக்கு ஒத்தக் காதே ஜாஸ்திடி!" ஒரே சிரிப்பு.

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வரல. தண்ணி குடுக்கிற சாக்குல இடது பக்கமாப் போயி, குனிஞ்சு, கேக்காத அந்தக் காதுல "மன்னிச்சிருங்கக்கா"ன்னாங்க. கலியம்மாள் திரும்பவே இல்ல. தண்ணியக் குடிச்சாங்க.

இத நாலு பேருக்கு ஷேர் பண்ணுங்க. அரும்பாவூர்க்காரங்க யாராச்சும் பார்த்தா, கலியம்மாளுக்கு வலது பக்கமா உக்காந்து சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.